மேளக்காரரும் மதுவிலக்கும்

தமிழ்நாட்டில் இசைக்காரருக்கும் மதுவுக்கும் உள்ள உறவு சட்டங்களைவிட மிகப் பழையது. சங்க காலத்துப் பாணரும் பொருநரும் வள்ளல்களிடம் பெற்ற பரிசில்களில் பொன்னோடும் தேரோடும் ஊனும் கள்ளும் சேர்ந்தே இருந்தன. கரிகாலனை நாடிச் சென்ற பொருநனுக்குக் கிடைத்த விருந்தைப் பொருநராற்றுப்படை விரிவாகவே சொல்கிறது. திருக்குறள் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் ஒதுக்கிய பிறகும், கூலியில் ஒரு பங்கை மதுவாகக் கொடுக்கும் வழக்கம் ஒழியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அந்தக் குடியைக் குற்றமாகக் கருதிச் சிறைக்கு அனுப்புவதா, நோயாகக் கருதி மருத்துவரிடம் அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தது. குடித்தவரைப் பற்றித்தான் அப்போது பேச்சு நடந்தது. ஊற்றிக் கொடுத்தவரைப் பற்றி அவ்வளவாக நடக்கவில்லை.

மேளக்காரரின் வேலையைப் பார்க்கச் சாத்தூர் அருகேயுள்ள அச்சங்குளம் பக்கம் போகலாம். அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்கள் வானம் பார்த்த பூமி; வெள்ளாமை முடிந்த பங்குனி, சித்திரை மாதங்களில் மாரியம்மனுக்கும் காளியம்மனுக்கும் பொங்கல் வைப்பது இங்குள்ள முறை. விருதுநகர் பராசக்தி மாரியம்மனின் பங்குனிப் பொங்கல், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஆடிப்பூரத் தேர், இருக்கன்குடி மாரியம்மனின் ஆடிக் கடைசி வெள்ளி ஆகியவை பெரிய திருநாள்கள். இவற்றுக்கு இடையிலும் முன்னும் பின்னும் சிற்றூர்ப் பொங்கல்கள் வரிசையாக வரும். கரகம், முளைப்பாரி, அக்கினிச்சட்டி எல்லாவற்றுக்கும் மேளம் வேண்டும். நாதஸ்வரம், தவில், பம்பை, தாளம் கொண்ட நையாண்டி மேள செட் மாலையில் வாசிக்கத் தொடங்கினால் விடியும்வரை நின்றும் நடந்தும் வாசிக்கும். விடிந்ததும் அடுத்த ஊருக்குப் பேருந்து ஏற வேண்டும்.

தவில் தோளில் தொங்கும் கருவி. பலா மரத்தில் குடைந்த கொட்டு நல்ல கனம். வலது கை விரல்களில் மாட்டிய கூடுகளால் வலந்தலை எனும் வலப்பக்கத் தோலையும், இடது கையிலுள்ள கழியால் தொப்பி எனும் இடப்பக்கத் தோலையும் அடிக்க வேண்டும். நாதஸ்வரக்காரருக்கு மூச்சும் உதடும்தான் முதல். சீவாளியை எச்சிலால் பதமாக்கி வாயில் பொருத்தி, ஓர் இரவு முழுவதும் அடிவயிற்றிலிருந்து காற்றை எடுத்து ஊத வேண்டும். இந்த உழைப்புக்கு நடுவில் விழாக்காரர் கோயிலுக்குப் பின்புறம் அழைத்துப்போய் ஊற்றிக் கொடுப்பது ஒரு மரியாதை. அச்சாரம் கொடுத்துப் பேசும்போதே அதுவும் பேச்சில் வந்துவிடும். உடல்வலிக்கு என்று தொடங்கியது தூக்கத்துக்கு என்று ஆகும். பிறகு காலையில் கை நடுங்காமல் இருப்பதற்கே அது தேவைப்படும். குடி தொழிலோடு ஒட்டி வளர்ந்தது இப்படித்தான். கலைஞனின் மென்மனம், மேதையின் கிறுக்கு என்றெல்லாம் சொல்லப்படும் காரணங்களைவிட வேலை நேரமும் கூலிமுறையும் இதை நன்றாக விளக்குகின்றன.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு இந்தக் குடி ஒரு வருமானம். 1886-இன் சென்னை ஆப்காரி (கலால்) சட்டத்தின் கீழ் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஏலம் விடப்பட்டன. மாகாண வருவாயில் ஆப்காரிக்குப் பெரும்பங்கு இருந்தது. அனுமதி பெற்ற கடையில் வாங்கிக் குடித்தவர் குற்றவாளி இல்லை. திருட்டுத்தனமாகக் காய்ச்சி அரசுக்கு நட்டம் உண்டாக்கியவர்தான் குற்றவாளி. கஞ்சாவும் அபினியும் இதே முறையில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டன. கஞ்சாவை ஆராய 1893-94இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம், மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய தீங்கு இல்லை, தடை தேவையில்லை என்று அறிக்கை தந்தது. குடியால் அழிந்தவருக்கு அந்தக் காலத்தில் சிறையும் இல்லை, சிகிச்சையும் இல்லை. செங்கோட்டையில் 1906-இல் பிறந்து, நாடக மேடையில் தம் உச்சஸ்தாயிக் குரலால் ஊர்களைக் கட்டிப்போட்ட எஸ். ஜி. கிட்டப்பா குடிப்பழக்கத்தால் உடல் கெட்டு, 1933 டிசம்பரில் 27 வயதில் இறந்தார். அவரைக் காப்பாற்ற மனைவி கே. பி. சுந்தராம்பாளும் வைத்தியர்களும் இருந்தார்கள். குடியையே நோயாக எடுத்து மருத்துவம் பார்க்கும் இடம் எதுவும் இருக்கவில்லை.

ராஜாஜி முதலமைச்சராக இருந்த 1937-இல் சென்னை மதுவிலக்குச் சட்டம் வந்தது. முதலில் அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் வேறு சில மாவட்டங்களுக்கும் விரிந்தது. இழந்த ஆப்காரி வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. உலகப் போர்க் காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட மதுவிலக்கு 1946-இல் மீண்டும் தொடங்கி, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதையும் எட்டியது. காய்ச்சுவது, விற்பது, கொண்டுபோவது, வைத்திருப்பது, குடிப்பது எல்லாமே குற்றமாயின. குடித்தவரைச் சட்டம் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான்.

அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதியில் இந்தச் சட்டம் முதலில் பனையேறியின் வாசலில் வந்து நின்றது. பனம்பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். முன்னது உரிமத்தோடு செய்யும் தொழில், பின்னது வழக்கு. ஒரு விரல் சுண்ணாம்பில் ஒருவருடைய குடும்பத்தின் நிலை தொங்கியது என்று சொன்னால் மிகையில்லை. வழக்கில் மாட்டியவர்களில் அபராதம் கட்ட முடிந்தவர் வீட்டுக்குப் போனார். முடியாதவர் சிறைக்குப் போனார். கூலிமேளம் அடித்தவர்களும் இந்த இரண்டாம் வகையில்தான் இருந்தார்கள்.

மதுவிலக்கின் பக்கம் நின்றவர்களின் குரலையும் இதே மண்ணில் கேட்கலாம். விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலம் முழுவதும் மதுவிலக்கைத் தளர்த்தவில்லை. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி 1956-இல் விருதுநகரில் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாரின் கோரிக்கைகளில் நாடு முழுவதற்குமான மதுவிலக்கும் ஒன்று. திரையில் என். எஸ். கிருஷ்ணன், அண்ணாவின் எழுத்தில் 1949-இல் எடுத்த ‘நல்லதம்பி’ மதுவிலக்குக்காகவே பேசிய படம். குடிகாரன் வீட்டுப் பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இவர்கள். அவர்களுடைய நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடையை மூடினால் குடியும் நின்றுவிடும் என்று நம்பிய சட்டத்தில், நிறுத்த முடியாதவரை என்ன செய்வது என்ற கேள்விக்குக் காவல் நிலையத்தைத் தவிர வேறு விடை இல்லை.

விடை ஒன்று இருந்தது. அது எல்லாருக்கும் கிடைக்கவில்லை. உடல்நிலை காரணமாக மது தேவை என்று மருத்துவரிடம் சான்று பெற்று விண்ணப்பித்தவர்களுக்கு அரசு பர்மிட் வழங்கியது. பர்மிட் வைத்திருந்தவர் தமக்குரிய அளவைச் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்துக் குடிக்கலாம். மருத்துவச் சான்று என்று பெயர் இருந்தாலும் சிகிச்சை எதுவும் அதில் இல்லை. நகரத்தில் மருத்துவரைப் பார்க்கவும், கட்டணம் கட்டவும், சீமைச் சரக்கு வாங்கவும் வசதியுள்ளவருக்கு அது பயன்பட்டது. ஒரே பழக்கம் ஒருவருக்கு உடல்நிலையாகவும் இன்னொருவருக்குக் குற்றமாகவும் பிரிந்தது மருத்துவக் காரணத்தால் இல்லை, பணத்தாலும் அந்தஸ்தாலும்தான். தமிழ்நாட்டில் சிறையா சிகிச்சையா என்ற கேள்வியின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பிரிவின் வரலாறே.

பெயர்பெற்ற வித்வான்களுக்கு மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது: யாரும் எதுவும் செய்யாமல் விடுவது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை, 1898-இல் பிறந்து 1956 டிசம்பரில் மறைந்தவர். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று பெயர் பெற்றவர். 1947 ஆகஸ்டில் டெல்லியில் சுதந்திர விழாவில் வாசித்த அவருடைய கடைசி எட்டு ஆண்டுகள் முழு மதுவிலக்குக்குள் கழிந்தன. அவர் குடிப்பார் என்பது ஊரறிந்த செய்தி. அவருடைய தோடி ராகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் ஒரு பெருமூச்சோடு சேர்த்துச் சொல்வார்கள். புல்லாங்குழலில் புதுப் பாணி ஒன்றையே உண்டாக்கிய மாலி என்கிற டி. ஆர். மகாலிங்கம் குடியால் கச்சேரிகளைத் தவறவிட்டதும், மேடைக்கு வந்தும் வாசிக்காமல் போனதும் கதைகளாகவே புழங்கின. அவர் 1986-இல் காலமானார். தூத்துக்குடியில் பிறந்து பாட்டாலும் நடிப்பாலும் புகழடைந்த ஜே. பி. சந்திரபாபு, போதையால் உடலும் வாழ்வும் சிதைந்து 1974-இல் 46 வயதில் இறந்தார். இவர்களைச் சட்டம் பெரிதாகத் தொடவில்லை; மருத்துவமும் நெருங்கவில்லை. ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள், அடுத்த கச்சேரிக்கும் டிக்கெட் வாங்கினார்கள். இந்தப் பொறுமை கருணைபோலத் தோன்றினாலும், அதன் விலையை அவர்களின் ஈரல்தான் கொடுத்தது.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் சிறையா சிகிச்சையா என்ற கேள்வி வெளிப்படையாகவே சோதிக்கப்பட்டது. பாடகி பில்லி ஹாலிடே 1947-இல் ஹெராயின் வழக்கில் பிடிபட்டபோது தம்மை மருத்துவமனைக்கு அனுப்பும்படி கேட்டார். நீதிமன்றம் ஓராண்டும் ஒரு நாளும் சிறை விதித்தது. விடுதலையாகி வந்தபின் நியூயார்க் விடுதிகளில் பாடுவதற்கான கேபரே அட்டை அவருக்கு மறுக்கப்பட்டது. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரும் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்கும் 1951-இல் இப்படி அட்டையை இழந்தவர்கள். சிறைவாசம் முடிந்த பிறகும் பிழைப்பைப் பிடுங்கிய அந்த முறை 1967-இல்தான் ஒழிந்தது. ஹாலிடே 1959-இல் நியூயார்க் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது மறுபடி கைதாகி, காவலர் வாசலில் இருந்த நாள்களைக் கடந்து உயிர்விட்டார்.

கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் 1935-இல் திறக்கப்பட்ட, ‘போதைப் பண்ணை’ எனப்பட்ட இடம் சிறை, சிகிச்சை இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்துப் பார்த்த முயற்சி. தண்டனை பெற்ற கைதிகளும் தாமாக வந்து சேர்ந்த நோயாளிகளும் அங்கே சேர்ந்து இருந்தார்கள். ஜாஸ் கலைஞர்கள் அத்தனை பேர் வந்துபோனதால் உள்ளேயே நல்ல வாத்தியக் குழுக்கள் அமைந்தன. சன்னி ராலின்ஸ் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இருந்துவிட்டு வந்தும் ஹெராயினை விடாதவர்; 1955-இல் லெக்சிங்டனில் சிகிச்சை பெற்றபின் விட்டார், மறு ஆண்டே தம் தலைசிறந்த இசைத்தட்டைத் தந்தார். செட் பேக்கரும் அங்கே போய்வந்தவர்தான், அவருக்குப் பலிக்கவில்லை. அங்கிருந்து வெளியேறியவர்களில் பெரும்பாலோர் பழைய பழக்கத்துக்கே திரும்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிகிச்சை பலருக்குத் தோற்றது. தோற்றவருக்கு இன்னொரு முறை முயலும் வாய்ப்பாவது மிஞ்சியது.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971 ஆகஸ்ட் 30 அன்று மு. கருணாநிதி அரசால் தளர்த்தப்பட்டு, 1974-க்குள் திரும்ப நடைமுறைக்கு வந்தது. எம். ஜி. ஆர். ஆட்சியில் 1981-இல் கடைகள் மீண்டும் திறந்தன. 1983-இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் நிறுவப்பட்டது. கள்ளும் சாராயமும் பின்னர்த் தடைசெய்யப்பட, புட்டியில் அடைத்த சரக்கு மட்டும் எஞ்சியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தனைக்கும் ரத்தாகவில்லை. பெயரளவில் இன்றும் மதுவிலக்குச் சட்டம்தான். அந்தச் சட்டத்தின் கீழேயே அரசு விற்கிறது, அந்தச் சட்டத்தின் கீழேயே பொது இடத்தில் போதையில் இருந்தவரைக் காவல்துறை பிடிக்கிறது. விழாப் பந்தலுக்குப் பின்னால் கைமாறியது கள்ளுக் கலயத்திலிருந்து குவார்ட்டர் புட்டியாயிற்று. கொடுக்கும் முறை மாறவில்லை.

குடியை நோயாகக் கொண்டு மருத்துவம் பார்ப்பது தமிழ்நாட்டில் வேரூன்றியது 1980-இல். கணவர் டி. டி. ரங்கநாதன் குடிநோயால் இறந்த மறு ஆண்டில் சாந்தி ரங்கநாதன் சென்னையில் அவர் பெயரால் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்; டிடிகே மருத்துவமனை என்று மக்கள் அறிவது இதைத்தான். குடிகாரன் என்ற வசைக்குப் பதில் குடிநோயாளி என்ற சொல் இத்தகைய இடங்களின் வழியாகவே பரவியது. மேளக்காரரைப் பொறுத்தவரை முக்கியமானவை இந்த நிறுவனம் தஞ்சைப் பகுதியில் மஞ்சக்குடியில் நடத்திய கிராம முகாம்கள். கிராமத்துக் கட்டடத்திலேயே படுக்கை போட்டு, ஊராரையும் குடும்பத்தையும் உடன்வைத்துச் சில வாரங்கள் சிகிச்சை தந்தார்கள். சென்னைக்குப் போய்ப் படுக்க முடியாத கூலிக்காரருக்கு, மேளக்காரருக்கும் சேர்த்துத்தான், எட்டிய முதல் சிகிச்சை முறைகளில் ஒன்று அது.

சிறைக்கும் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு முதல் மூன்று நாள்களிலேயே தெரிந்துவிடும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதது தெரிவதும் கேட்பதுமான சித்தப்பிரமை வரலாம், உயிரும் போகலாம். மருத்துவமனையில் டயசிபாம் வகை மருந்தும் தயமின் என்ற பி-1 வைட்டமினும் கொடுத்து இதைக் கடத்திவிடுகிறார்கள். காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைபட்டவரின் நடுக்கம் நடிப்பாகவோ திமிராகவோ எடுத்துக்கொள்ளப்படும் ஆபத்து உண்டு. தவில்காரருக்கு இது இன்னும் நுட்பமான விஷயம். விரலிலும் பாதத்திலும் மரத்துப்போகும் நரம்புக் கோளாறு நாள்பட்ட குடியின் விளைவுகளில் ஒன்று. சத்தான சாப்பாடும் வைட்டமினும் மதுவில்லாத மாதங்களும் கிடைத்தால் அது ஓரளவு திரும்பும். தவிலில் ஒரு சொல்லைத் தெளிவாக உருட்டுவதற்கு அந்த ‘ஓரளவு’ போதுமா என்பது ஆளைப் பொறுத்தது.

கஞ்சாவுக்கும் ஹெராயினுக்கும் சட்டம் வேறு பாதையில் வந்தது. அபினியை வாயால் உட்கொள்ளும் பழக்கத்தை 1959-க்குள் நிறுத்துவது என்று இந்திய அரசு முடிவெடுத்தபோது, பழகியவர்களைப் பதிவு செய்து மருத்துவ அளவு கொடுக்கும் ஏற்பாடு செய்தது. சிறைக்கு அனுப்பாமல் சமாளித்த அரிய உதாரணம் அது. 1985-இன் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. பயன்படுத்தியவருக்கும் தண்டனை உண்டு. ஆனாலும் இரண்டு கதவுகளைத் திறந்துவைத்தது. 39-ஆம் பிரிவின்படி, குற்றவாளி எனத் தீர்ப்பான அடிமையைச் சிறைக்கு அனுப்பாமல், அவருடைய சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம். பின்னர் சேர்ந்த 64ஏ பிரிவின்படி, சிறிய அளவு வைத்திருந்தவர் தாமாக முன்வந்து சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்தே விலக்கு. கஞ்சாவில் சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை. இந்தக் கதவுகள் மதுவுக்குப் பொருந்தா என்பது விந்தை: தடைசெய்த போதைக்குச் சட்டத்தில் சிகிச்சைக்கான வழி உண்டு, அரசு விற்கும் போதைக்கு அப்படி ஒன்று இல்லை. வழி இருக்கும் இடத்திலும், அதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல ஒரு வக்கீல் வேண்டும்.

மதுவின் பேரால் சிறைக்குப் போனவர்களில் நாடு முழுவதும் பேசப்பட்ட தமிழ் இசைக்காரர் குடித்ததற்காகப் போகவில்லை. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காக 2015 அக்டோபர் 30 அன்று திருச்சியில் தேசத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டு, நவம்பர் நடுவில் ஜாமீனில் வந்தார். பறையடித்துக் குடிக்கு எதிராகப் பாடியவருக்குச் சிறை என்பது இந்த வரலாற்றில் யாரும் எதிர்பாராத திருப்பம்.

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவாலும் போதையாலும் உண்டாகும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. தென்மாவட்டத்தார் இதற்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையை நாடுவது வழக்கம்; விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இன்னொரு புறம், ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது, கலந்துகொள்பவர்கள் போதையில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை விதித்துவருகிறது. விழாக்காரர்கள் நிபந்தனைக்குக் கையெழுத்திடுகிறார்கள். மீறினால் நிகழ்ச்சியே நிற்கலாம் என்பதால், ஊற்றிக் கொடுக்கும் கை சற்றே தயங்க ஒரு காரணம் முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது.

எஞ்சியிருப்பது காலக்கணக்கு. விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குச் சில வாரங்களாவது வேண்டும், தொடர் கவனிப்புக்கு மாதங்கள். மேளக்காரரின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி தை முதல் வைகாசி வரையிலான முகூர்த்தங்களிலும் பொங்கல்களிலும் அடங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் படுக்கையில் சேர்ந்தால் அச்சாரம் வாங்கிய ஊர்கள் வேறு செட்டைத் தேடிப் போய்விடும். கல்யாணங்கள் இல்லாத புரட்டாசியும் மார்கழியும் சிகிச்சைக்குத் தோதான மாதங்கள். ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் கரிசல் நாட்டில் அம்மன் கோயில் வேலை இருக்கும். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007-இல் அமைந்த நல வாரியம் கல்வி, திருமணம், விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை தருகிறது. வேலையில்லாத அந்த மாதங்களில் சிகிச்சையில் இருப்பவரின் வீட்டுச் செலவையும் இப்படிப்பட்ட ஒரு வாரியம் ஏற்றால், மருத்துவமனைக்குப் போகும் முடிவை எடுப்பது மேளக்காரர் குடும்பத்துக்கு எளிதாகும்.